கொரில்லாவுக்கு இசையமைத்தவர்

உலகத்தை அழிக்க வந்தவருக்குக் கொரில்லா உடம்பு, தலையில சுழியோடியின் கவசம். 1953இல் பில் டக்கர் எடுத்த 'ரோபொட் மொன்ஸ்டர்' படத்தின் வில்லன் இவர்தான். ரோபோ உடுப்புச் செய்யக் காசில்லை; ஜோர்ஜ் பரோஸ் என்ற நடிகரிடம் சொந்தமாகக் கொரில்லா உடுப்பு இருந்தது. குகை வாசலில் நிக்கிற பயங்கரக் கருவியிலிருந்து சவர்க்காரக் குமிழி பறக்குது. அந்தக் குமிழி மெசினுக்குப் படத்தின் தொடக்கத்தில் பெயர் வேற போட்டிருக்கினம்! நாங்கள் வயிறு நோகச் சிரிச்சம்.

ஆனால் உலகம் அழியும் என்ற பயம் அப்ப பகிடியில்லை. 1952 நவம்பரில்தான் அமெரிக்கா முதல் ஐதரசன் குண்டை வெடித்துப் பார்த்திருந்தது. படத்தில் அந்தப் பயத்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டது இசை மட்டும்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வேற படம்.

இசையமைத்தவர் எல்மர் பேர்ன்ஸ்டீன். கம்யூனிஸ்ட் பத்திரிகைக்கு இசை விமர்சனம் எழுதினார் என்று அமெரிக்கக் காங்கிரஸ் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. விமர்சனம் எழுதுற எங்களுக்கும் இது ஒரு சேதிதான். மற்றவர்களின் பெயரைச் சொல்ல மாட்டன் என்று நின்றார். பெரிய ஸ்டூடியோ வேலைகள் விலகிப்போக, கொரில்லாதான் மிஞ்சியது. 1956இல் 'த டென் கொமாண்ட்மென்ட்ஸ்' படத்துக்கு இசையமைத்ததும் இதே ஆள்தான்.