அடுத்த வருசம் பார்ப்பம்: புட்ஸ்கிறே ரசிகர்களின் 62 வருசக் கதை

மெல்பேர்ண் நகரத்தில் ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால், பேர் கேட்டு, வேலை கேட்டு, மூன்றாவதாக வருகிற கேள்வி பெரும்பாலும் "நீங்கள் எந்தக் கழகம்?" என்பதாகத்தான் இருக்கும். பதில் சொன்னவுடன் கதை தொடங்கிவிடும். போன கிழமை யார் சொதப்பினது, பயிற்சியாளருக்கு என்ன விசரோ, அந்தப் பெடியனை ஏன் இன்னும் வெளியில இருத்தி வைச்சிருக்கினம், அடுத்த வருசமாவது உருப்படுவமோ. விளையாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கதையைக் கணக்கில் எடுப்பது குறைவு. கிண்ணத்தையும் புள்ளியையும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் இங்கே ஒரு கழகத்தின் ரசிகர்கள் கதைச்ச கதைக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் போய்ப் பார்க்கிறோம். கழகத்தின் பேர் புட்ஸ்கிறே. 1954 இல் ஒருக்கா வென்றது. அடுத்த வெற்றி 2016 இல். இடையில் 62 வருசம். அதுக்குள்ள ஒருநாள், இனி இப்படியொரு கழகமே இல்லை எண்டும் அறிவிச்சுப்போட்டார்கள்.

முதலில் விளையாட்டைப் பற்றி ரெண்டு வரி. அவர்கள் உதைபந்தாட்டம் எண்டு சொல்லுறது எங்கட உதைபந்தாட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்து, கிரிக்கெற் விளையாடுகிற பெரிய வட்டமான மைதானம், பக்கத்துக்கு 18 பேர், ஒவ்வொரு முனையிலும் நாலு கம்பம். நடுக் கம்பங்களுக்குள்ளால் உதைத்தால் 6 புள்ளி. ஓரக் கம்பத்துக்குள்ளால் போனால் 1 புள்ளி. குறி தவறினவனையும் வெறுங்கையோடு அனுப்பாத நல்ல மனசுள்ள விளையாட்டு. ஆனால் அந்த ஒற்றைப் புள்ளி ஆளை எப்படி வதைக்கும் என்பதைப் பிறகு சொல்லுகிறோம்.

இதற்கான விதிகளை 1859 இல் மெல்பேர்ணில்தான் எழுதினார்கள். 1897 இல் எட்டுக் கழகங்களோடு விக்ரோறிய உதைபந்தாட்ட லீக் தொடங்கியது. கழகங்களின் பேரைப் பார்த்தாலே விசயம் விளங்கும்: கொலிங்வூட், கார்ல்ரன், பிற்ஸ்றோய், தென் மெல்பேர்ண். எல்லாம் ட்ராமில் போய் இறங்கக்கூடிய பக்கத்துப் பக்கத்து ஊர்கள். கழகம் என்றால் ஊர். நீங்கள் பிறந்த தெருதான் நீங்கள் கத்துகிற பக்கத்தைத் தீர்மானித்தது.

புட்ஸ்கிறே நகரத்தின் மேற்குப் பக்கம். கருங்கல் உடைக்கிற இடங்கள், இறைச்சித் தொழிற்சாலைகள், வெடிமருந்துத் தொழிற்சாலை என்று உழைப்பாளிகளின் ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிழக்கு மெல்பேர்ண்காரர் மூக்கைச் சுழிக்கிற ஊரும்கூட. லீக்குக்குள் வர 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முதல் வருசம், வேறொரு சங்கத்தின் சம்பியனாக இருந்த புட்ஸ்கிறே, லீக் சம்பியனான எசண்டனோடு ஒரு நிதி சேகரிப்பு ஆட்டத்தில் மோதி வென்று காட்டியது. உள்ளே வந்த பிறகு முதல் கிண்ணத்துக்கு 29 வருசம் எடுத்தது.

1954 இறுதிப் போட்டியில் மெல்பேர்ண் கழகத்தை 51 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். சார்ளி சற்றன் அணித்தலைவரும் அவரே, பயிற்சியாளரும் அவரே. அணியில் 21 வயதுப் பெடியனாக நின்றவர் ரெட் விற்றன். பிறகு 321 ஆட்டங்கள் ஆடி, இந்த விளையாட்டின் பேரே அவர்தான் என்கிற அளவுக்கு வளர்ந்தார். 1961 இல் அவர் தலைமையில் மறுபடியும் இறுதிப் போட்டிக்குப் போனார்கள், ஹோதோர்ணிடம் தோற்றார்கள். விற்றன் 1995 இல் புற்றுநோயால் இறந்தபோது ஊர் மைதானத்துக்கு அவருடைய பேரையே வைத்தார்கள். ஆனால் அவர் உயிரோடு இருந்தவரைக்கும் இரண்டாவது கிண்ணத்தைக் காணவில்லை.

1961 க்குப் பிறகு வந்த தலைமுறைக்கு 1954 எண்டது தாத்தா சொல்லுகிற கதை. அவர்களுக்கு மிஞ்சினது "அடுத்த வருசம் பார்ப்பம்" என்கிற வசனம் மட்டும்தான்.

80கள் காசின் காலம். வீரர்களின் சம்பளம் ஏறியது, மைதானத்துக்கு வருகிற சனம் அந்த வேகத்தில் ஏறவில்லை. தென் மெல்பேர்ண் கழகம் 1982 இல் மூட்டை முடிச்சோடு சிட்னிக்குப் போனது. 1987 இல் பேர்த்திலிருந்தும் பிறிஸ்பேன் பக்கத்திலிருந்தும் புதுக் கழகங்கள் உள்ளே வந்தன. விக்ரோறியாவுக்குள் இருந்த லீக்கை நாடு முழுக்க விரிப்பதுதான் திட்டம். அந்தத் திட்டத்தில் 14 கழகங்களில் 10 ஒரே நகரத்தில் இருப்பது நிர்வாகிகளுக்கு உறுத்தியது. நியாயமாகப் பார்த்தால் அவர்களின் கணக்குப் பிழையில்லை. ஒரு நகரம் பத்துக் கழகத்துக்குச் சோறு போடுறது லேசான காரியமில்லை. பிழை, கணக்குக் கொப்பிக்குள் அடங்காததை அவர்கள் ஒரு பொருட்டாகவே எடுக்காதது.

1989 ஒக்டோபர் ஆரம்பத்தில், பருவம் முடிந்த கையோடு, அறிவிப்பு வந்தது. புட்ஸ்கிறே கடனில் மூழ்கிவிட்டது, இனிப் பிற்ஸ்றோயோடு சேர்ந்து "பிற்ஸ்றோய் புல்டோக்ஸ்" என்று ஒரே கழகமாக ஆடும். ரசிகர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவரை அந்த அணி அட்டவணையின் அடிமட்டத்துக்குக் கிட்டத்தான் கிடந்தது. பயிற்சியாளர் மிக் மோல்ட்ஹவுஸ் பேர்த்துக்குப் போகிறார். பருவம் முழுக்க வீரர்களைத் திட்டித் தீர்த்த அதே சனத்துக்கு முன்னால் இப்ப புதுக் கேள்வி. இரண்டு அணியை ஒன்றாக்கினால் பாதிப் பேருக்கு இடமில்லை. யார் மிஞ்சுவினம், யார் போவினம்? எந்த நிறச் சட்டை? எந்த மைதானம்? ஒரு மாதத்துக்கு முதல் "இவனைத் தூக்கி எறியுங்கோ" எண்டு கத்தினவர்களுக்குத் தங்கட ஆள் தங்கட சட்டையோடு தோற்கிறதுகூட ஒரு உரிமையாய்த் தெரிந்தது.

பிறகு நடந்தது இன்றைக்கும் அந்த ஊரில் கதையாக இருக்கிறது. பீற்றர் கோர்டன் என்கிற இளம் சட்டத்தரணி முன்னுக்கு வந்தார். கல்நார்த் தூசியால் நோயாளியான தொழிலாளர்களுக்காக வழக்காடியவர். சாதாரண ரசிகை ஒருவர் தன் பேரில் வழக்குப் போட முன்வந்தார். விக்ரோறிய மாநில உயர் நீதிமன்றத்தின் தடையுத்தரவால் கொஞ்ச அவகாசம் கிடைத்தது. மூன்று கிழமை. அதற்குள் 15 லட்சம் டொலர் அளவில் சேர்க்க வேண்டும். ஊர் மைதானத்தில் ஆயிரக்கணக்கில் சனம் கூடியது. தகர டப்பாவைக் குலுக்கிக்கொண்டு சந்தியில் நின்றார்கள், கதவு கதவாகத் தட்டினார்கள். அந்த ஊரில் அப்போது வியட்நாமில் இருந்து வந்தவர்கள், அதற்கு முதல் இத்தாலி, கிரேக்கம், யூகோஸ்லாவியா என்று வந்தவர்கள் எல்லாம் குடியிருந்தார்கள். ஒரு பணக்காரன் வந்து காப்பாற்றின கதையில்லை இது. சில்லறையில் மீட்ட கழகம்.

காசு சேர்ந்தது. கோர்டன் தலைவரானார். அடுத்த வருசம், லீக் தன் பேரை அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட லீக் என்று மாற்றின 1990 இல், புட்ஸ்கிறேயின் ரோனி லிபறற்றோறே வருசத்தின் சிறந்த வீரருக்கான பிறவுண்லோ பதக்கத்தை வென்றார். உயரம் 163 சென்ரிமீற்றர். ஆறடிக்காரர்கள் மலிஞ்ச விளையாட்டில் ஒரு கட்டையன். மூட வேண்டிய கழகம் எண்டு தீர்ப்பெழுதின நிர்வாகம் அந்தக் கழகத்தின் ஆளுக்கே தன் உயரிய பதக்கத்தைப் போட வேண்டி வந்ததை நினைச்சால் எங்களுக்கு இப்பவும் சிரிப்புத்தான்.

ஆனால் இந்தக் கதைக்கு ஒரு மறுபக்கம் இருக்கு. புல்டோக் ரசிகர்கள் கொண்டாடின அதே மாதத்தில் பிற்ஸ்றோய் தனித்து விடப்பட்டது. முதல் எட்டுக் கழகங்களில் ஒன்று, எட்டுக் கிண்ணம் எடுத்தது, கடைசியாக 1944 இல். தனக்கென்று ஒரு மைதானம் இல்லாமல் அலைந்தது. கடைசியில் அதற்குக் கடன் கொடுத்திருந்தது பசுபிக்கில் இருக்கிற நவுறு என்கிற குட்டித் தீவின் அரச நிறுவனம். அந்தக் கடன் 1996 இல் கழகத்தை முடித்து வைத்தது. மிச்சத்தைப் பிறிஸ்பேனோடு சேர்த்தார்கள். 1996 செப்ரெம்பர் 1, பேர்த்தில் கடைசி ஆட்டம். தோல்வி. பிற்ஸ்றோய் ரசிகர்களில் ஒரு பகுதி பிறிஸ்பேன் லயன்சின் பின்னால் போனது. 2001, 2002, 2003 என்று அடுத்தடுத்து மூன்று கிண்ணமும் பார்த்தது. இன்னொரு பகுதி அந்த விளையாட்டையே விட்டது. இரண்டாவது கூட்டத்தை விளங்கிக்கொள்ளாமல் கழகம் எண்டால் என்ன எண்டு கதைக்க ஏலாது எண்டுதான் நாங்கள் நினைக்கிறம். கிண்ணம் கிடைச்சது, ஆனால் யாருக்கு?

தப்பிப் பிழைத்த கழகமும் பழைய பேரோடு நிற்கவில்லை. 1997 பருவத்திலிருந்து புட்ஸ்கிறே "வெஸ்ரேர்ண் புல்டோக்ஸ்" ஆனது. சந்தைக்கு ஒரு ஊர் காணாது, மேற்குப் பக்கம் முழுக்க வேணும் எண்ட கணக்கு. அந்த வருசம்தான் மேலே சொன்ன ஒற்றைப் புள்ளியின் கதை. இறுதிப் போட்டிக்கு முந்தின ஆட்டத்தில் அடிலெயிட்டுக்கு எதிராக நல்ல முன்னிலை. கடைசிக் கட்டத்தில் லிபறற்றோறே உதைத்த பந்து நடுக் கம்பத்துக்குள்ளால் போனது எண்டு நினைச்சு அவரே துள்ளிக் கொண்டாடத் தொடங்கிவிட்டார். நடுவர் ஒரு விரலைத்தான் காட்டினார். 6 இல்லை, 1. கடைசியில் தோற்றது 2 புள்ளியால். அது கோலா இல்லையா என்பதை அந்த ஊரில் இன்னும் முடிவுகட்டவில்லை. 1985 இலிருந்து 2010 வரை இப்படி இறுதிப் போட்டியின் வாசலில் ஏழு தடவை தோற்றார்கள்.

இடையில் லீக் புது ஏற்பாடொன்றைக் கொண்டுவந்திருந்தது. 1986 இலிருந்து இளம் வீரர்களைக் கழகங்கள் வரிசையில் நின்று தெரிவு செய்ய வேண்டும். கடைசியாக வந்த கழகத்துக்கு முதல் தெரிவு. பார்க்க நிர்வாக விதி. ஆனால் ரசிகர்களின் கதையையே அது மாற்றிவிட்டது. தோல்விக்குள்ளேயே அடுத்த வருசத்தின் விதை இருக்கு எண்டாச்சு. ஆடாத பெடியன்களைப் பற்றி, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைப் பற்றி, முழங்கால் எப்படி, உயரம் எவ்வளவு, மனசு தாங்குமோ எண்டெல்லாம் குளிர்காலம் முழுக்க விவாதம். கலியாணத் தரகர் தோற்றுப் போவார்.

2014 முடிவில் அந்த விவாதம் கொதிநிலைக்குப் போனது. அணித்தலைவர் றையன் கிறிபன் திடீரென்று தன்னை மேற்கு சிட்னிக் கழகத்துக்கு விடச் சொன்னார். பயிற்சியாளரும் போனார். கோர்டன் அப்போது மறுபடியும் தலைவர். பதிலாக அந்தக் கழகத்திடம் கேட்டது ரொம் பொய்ட்டை. முந்தின வருசத் தெரிவில் நாட்டிலேயே முதல் ஆள். வயது 19. ஆடினது 9 ஆட்டம். ஏழு வருச ஒப்பந்தம், ஏறத்தாழ 70 லட்சம் டொலர் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு தலைவனைக் குடுத்து ஒரு பிள்ளையை வாங்கினால் சனம் என்ன கதைக்கும்? அடுத்த இரண்டு வருசமும் அவர் தவறவிட்ட ஒவ்வொரு பந்துக்கும் விலை போட்டார்கள்.

புதுப் பயிற்சியாளர் லூக் பெவறிட்ஜ். 2016 ஏப்ரலில் புதுத் தலைவர் பொப் மேர்பியின் முழங்கால் நாண் கிழிந்தது. அணி ஏழாம் இடத்தில் முடித்தது. ஏழாம் இடத்திலிருந்து ஒருவரும் அதுவரை கிண்ணம் எடுத்ததில்லை. பேர்த்தில் போய் வென்றார்கள். மூன்று வருசமாகத் தொடர்ந்து சம்பியனாக இருந்த ஹோதோர்ணை வென்றார்கள். கிறிபன் போய்ச் சேர்ந்த மேற்கு சிட்னியையே அவர்களின் மண்ணில் 6 புள்ளியால் வென்றார்கள்.

ஒக்டோபர் 1, இறுதிப் போட்டி, மைதானத்தில் 99,981 பேர். எதிரில் சிட்னி, முந்தின தென் மெல்பேர்ண். ஊரை விட்டுப் போன கழகமும் போகமாட்டன் எண்டு நின்ற கழகமும். அணியில் ரோனி லிபறற்றோறேயின் மகன் ரொம் இருந்தார். ஆட்டத்தின் சிறந்த வீரர் தென்னாபிரிக்காவில் பிறந்த ஜேசன் ஜொஹானிசன். கடைசிக் கட்டத்தில், முதுகெலும்பில் வெடிப்போடு ஆடிக்கொண்டிருந்த டேல் மொறிஸ் எதிரணியின் பெரிய நட்சத்திரம் லான்ஸ் பிறாங்ளினை மடக்கினார். சிதறின பந்து பொய்ட்டிடம் வந்தது. தூரத்திலிருந்து உதைத்தார். பந்து நிலத்தில் குத்தி, உருண்டு, கம்பங்களுக்குள்ளால் போனது. அன்றைக்கு அவருக்கு அது மூன்றாவது கோல். 22 புள்ளியால் வெற்றி. மேடையில் பெவறிட்ஜ் தன் பதக்கத்தைக் கழற்றி, ஆட முடியாமல் நின்ற மேர்பியின் கழுத்தில் போட்டார்.

பொய்ட் 2017 இல் மன அழுத்தத்தால் சில காலம் ஒதுங்கினார். 2019 மே மாதம், ஒப்பந்தத்தில் இரண்டு வருசத்துக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே, உடம்பும் மனசும் ஏலாது எண்டு விளையாட்டை விட்டார். வயது 23. மொத்தம் 61 ஆட்டம். அவருக்குக் குடுத்த காசு தகுமோ எண்டு கேட்டால் புல்டோக் ரசிகர் அந்த ஒரு உதையைக் காட்டுவார். அந்தப் பிள்ளைக்கு அது தகுமோ எண்டதுதான் எங்கட கேள்வி. ஏனென்றால் 1989 இல் கழகத்தைக் காப்பாற்றினதும் இந்தச் சனத்தின் வாய்தான், 2015 இல் ஒரு இருபது வயதுப் பெடியனின் தோளில் ஏறி இருந்ததும் அதே வாய்தான்.