அபாதான்: ஆற்றுத்தீவின் எண்ணெய் நகரும் இந்தியத் தொழிலாளரும்

ஈரானின் தென்மேற்கே, ஷத் அல்-அரபு ஆற்றுக்கும் பஹ்மன்ஷீர் ஆற்றுக்கும் இடைப்பட்ட நீண்ட தீவில் அமைந்த நகரம் அபாதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அங்கு இருந்தவை பேரீச்சந்தோப்புகளும் உவர்ச்சேற்று நிலமும் சில சிற்றூர்களுமே. 1908 மே மாதத்தில் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் கண்டறியப்பட்டது. மறு ஆண்டில் தோன்றிய ஆங்கிலோ-பெர்சிய எண்ணெய்க் கம்பெனி, முஹம்மராவின் ஷேக் கஸலிடமிருந்து தீவில் நிலம் பெற்றது. ஏறத்தாழ 220 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் வழியே வந்த கச்சா எண்ணெயை 1912 முதல் அபாதான் ஆலை சுத்திகரித்தது. பிரிட்டிஷ் கடற்படை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. 1914இல் பிரிட்டிஷ் அரசே கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது.

இவ்வரலாற்றைப் பேரரசுக்கும் எண்ணெய்க்குமான உறவாக மட்டும் வாசிப்பது குறைவாசிப்பாகும். கம்பெனியின் பின்னணியில் இருந்தது பர்மா ஆயில் நிறுவனம். ஆதலால் ரங்கூன் ஆலைகளில் தேர்ச்சி பெற்ற தொழிலாளரும், இந்தியாவில் ஒப்பந்தத்தின்பேரில் திரட்டப்பட்ட கைவினைஞரும் எழுத்தரும் அபாதானுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆலைக்கு அருகில் இன்றும் நிற்கும் ‘ரங்கூன்காரர் மசூதி’ அவர்களது இருப்பின் கட்டடச் சான்று.

நகரின் அமைப்பே படிநிலையைப் பேசியது. பிரெய்ம் பகுதியில் தோட்டம் சூழ்ந்த ஐரோப்பியர் பங்களாக்கள். ஆலையின் மறுபுறம் நெரிசலான தொழிலாளர் குடியிருப்புகள். இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களில் பங்களாவையும் லயத்தையும் கண்டவர்க்கு இப்பிரிவினை புதிதன்று. பிற்காலத்தில் அபாதானை வடிவமைத்த ஜேம்ஸ் வில்சன், புது தில்லி உருவாக்கத்தில் லட்யன்ஸிடம் பணியாற்றியவர் என்பதும் தற்செயலன்று.

1920 டிசம்பரில் ஊதிய உயர்வும் குறைந்த வேலைநேரமும் கோரி இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஈரானியரும் அரபியரும் உடன் சேர்ந்தனர். கம்பெனி ஊதியத்தை உயர்த்தியது. ஆனால் 1922இல் மீண்டும் எழுந்த போராட்டம் ஒடுக்கப்பட்டது; இந்தியர் பலர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஈரானியத் தொழிலாளரின் 1929ஆம் ஆண்டு வேலைநிறுத்தமும் 1951ஆம் ஆண்டு எண்ணெய் நாட்டுடைமையாக்கமும் இதற்குப் பின்னர் வந்தவை.

உலகின் மிகப்பெரிய சுத்திகரிப்பாலையாக விளங்கிய அபாதான், 1980இல் தொடங்கிய ஈராக் போரில் சிதைந்தது; மக்கள் வெளியேறினர். ஒரே தொழிலைச் சார்ந்து எழுந்த நகரம், அத்தொழில் தாக்கப்பட்டபோது தானும் வெறுமையாயிற்று.

வளைகுடாப் புலப்பெயர்வு 1970களில் தொடங்கியது என்பதே கேரளத்திலும் தமிழகத்திலும் பொதுவான எண்ணம். அபாதான் அக்கால எல்லையை அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பின்னே நகர்த்துகிறது. எண்ணெய்க்காகக் கடல் கடந்த முதல் தலைமுறை பணம் அனுப்பியவர்களாக மட்டும் அன்றி, உரிமை கேட்டவர்களாகவும் வரலாற்றில் பதிவாக வேண்டும்.