காமன் கம்பமும் சட்டமும்: கூத்தில் மரத்துக்குள்ள உரிமை

அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்கு ஏறும் வீதியில், கேகாலை வீதி வந்து சேரும் சந்தி கரவனெல்ல. அதைச் சுற்றிலும் றப்பர்த் தோட்டங்கள். ஒரு தொழிலாளி எத்தனை மரத்தில் பால் வெட்டினார், எவ்வளவு பால் சேர்ந்தது என்பதை வைத்துத்தான் அன்றைக்கு அவருக்கு முழுப்பேரா (முழுநாள் சம்பளம்) அரைப்பேரா என்பது முடிவாகும். தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்றோலில் மரத்தின் வேலை அவ்வளவே.

மலையகத் தோட்டங்களின் காமன் கூத்தில் மரத்துக்கு வேறு இடம். மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும், கூத்து ஆடும் வெளியான காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். ஆமணக்கு முதலிய கொம்புகளைச் சேர்த்து வைக்கோல் சுற்றி நட்ட அந்தக் கம்பமே காமன். வேடமிட்டு ஆடுபவர் தனியாக இருந்தாலும் காப்புக் கட்டுவதும் விரதம் காப்பதும் கம்பத்தை முன்வைத்துத்தான். காமன் தகனத்தன்று எரிவதும் அதுவே. காமனின் மனைவி ரதியின் ஒப்பாரி அதை நோக்கியே எழும். ஆகவே கம்பத்தை அரங்கப் பொருள் என்பதைவிடக் கூத்தின் பாத்திரம் என்பதே பொருந்தும். கலையில் மரம் பங்காளியாக முடியுமா என்று உலகம் இன்று கேட்கிறது. இங்கே அந்தப் பங்கு வழக்கத்தில் இருக்கிறது, சட்டத்தில்தான் இல்லை.

இலங்கைச் சட்டம் மரத்தை அறியாததல்ல. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் (கட்டுப்பாட்டு) சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்ட முடியாது. மிருதங்கக் கட்டைக்கும் வீணைக் குடத்துக்கும் பலாவே பேர்போனது. ஆனால் அதைக் காத்தது இசையல்ல, சோறு. அதற்கு மூன்றாண்டு முன், 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் அடியிலுள்ள பலாவைச் சாய்க்கப் பத்திரம் தேவைப்பட்ட நாட்டில், லயத்தில் இருந்தவரிடம் குடியுரிமைப் பத்திரமில்லை. எனினும் 1951இன் சட்டத்தை மர உரிமை என்பது மிகை. அது மனிதக் கையைத்தான் கட்டியது. பலாவுக்கு எந்த உரிமையும் தரவில்லை.

மரத்தையே உரிமையாளராக எண்ணும் வாதத்தைக் கிறிஸ்டோபர் ஸ்டோன் 1972இல் அமெரிக்காவில் எழுப்பினார். நமக்கு அது அவ்வளவு புதிதல்ல. கோயில் மூர்த்தி சட்டத்தின் முன் ஓர் ஆள் என்பதைப் பிரிவி கவுன்சில் 1925இலேயே ஒரு வங்காள வழக்கில் ஏற்றிருந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி எஸ். ஸ்ரீமதி, இயற்கை அன்னையைச் சட்டபூர்வ ஆளாக அறிவித்தார்.

கலைக்குள் இந்த வாதம் வந்தது அண்மையில்தான். ஈக்குவடோரின் லோஸ் செட்ரோஸ் வனத்துக்கு உரிமைகள் உண்டென 2021இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வனத்தில் பிறந்த ஒரு பாடலுக்கு வனத்தையும் இணைப் படைப்பாளியாகப் பதியும்படி 2024இல் எழுத்தாளர் றொபேர்ட் மக்ஃபார்லேன் உள்ளிட்ட கலைஞர்களும் ஆய்வாளர்களும் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தனர்.

அப்படியொரு விண்ணப்பத்தை இலங்கையில் கொடுத்தால் முதல் படியிலேயே நின்றுவிடும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படைப்பை ஆக்கிய இயற்கை மனிதரே ஆக்கியோன். ஆனால் அதே சட்டத்தின் 24ஆம் பிரிவைப் போதிய அளவு யாரும் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். நாட்டார் பாடல், ஆடல், நாடகம் போன்றவற்றை, தனி ஆக்கியோனைத் தேடாமலே அது காக்கிறது. வணிக நோக்கிலோ மரபுச் சூழலுக்கு வெளியிலோ அவற்றைப் பயன்படுத்த, தகுதிவாய்ந்த அதிகாரியின் அனுமதி வேண்டும். காமன் கூத்து இதற்குள் அடங்கும். கூத்து அடங்கினால் கம்பமும் அடங்கும், ஏனெனில் கம்பமில்லாமல் காமன் இல்லை. ஆக்கியோன் என்ற பட்டத்துக்காக வாதாடுவதைவிட இந்த வழி நடைமுறைக்கு நெருக்கமானது.

குறை இதிலும் உண்டு. அந்த அனுமதிக்கான கட்டணமாகச் சேரும் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்கு என்று பொதுவாகவே சொல்லப்படுகிறது; கூத்தாடிய தோட்டத்துக்கோ, கொம்பு கொடுத்த மரத்துக்கோ எதுவும் ஒதுக்கப்படவில்லை. மூர்த்திக்காக வழக்காடத் தர்மகர்த்தா உண்டு. கம்பத்துக்காக யார் பேசுவது? கூத்தைக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார்தான் பொருத்தமானவர். ஆனால் பொட்டலும் அதைச் சுற்றிய மரங்களும் தோட்ட நிருவாகத்தின் கையில் இருக்கின்றன. வாத்தியார் குடியிருக்கும் லயத்துக்கே பெரும்பாலும் காணி உறுதி கிடையாது.