சுவரில் இருந்த நோய்

ஒரே குழந்தை மீண்டும் மீண்டும் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிவரப்படுமாயின், அதன் உடலில் மட்டும் நோயைத் தேடுவது போதுமா? ஈய நஞ்சின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகின்றது.

அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரக் குழந்தைகள் வைத்தியசாலையிலே பணியாற்றிய ஜெபரிஸ் ரேணர், குழந்தைகளின் உடலில் ஈய நஞ்சு ஏறியிருத்தலை 1892இல் எடுத்துக்காட்டினார். அந்நஞ்சு எவ்வழி வந்ததென்பதை 1904இல் லொக்காட் கிப்சன் என்னும் வைத்தியர் விளக்கினார். விறாந்தைக் கைப்பிடிகளிலும் சுவர்களிலும் பூசிய ஈய வர்ணம் வெயிலிற் காய்ந்து தூளாகியது; குழந்தைகளின் விரல்களில் ஒட்டி வாய்வழியே உடலிற் சேர்ந்தது. குழந்தைகளுக்கு எட்டும் இடங்களில் அவ்வர்ணத்தைப் பூசுவதைத் தடுக்கும் சட்டம் 1922இல் குயின்ஸ்லாந்தில் இயற்றப்பட்டது.

ஐக்கிய அமெரிக்கா இப்பாடத்தை விரைவிற் கற்றுக்கொள்ளவில்லை. பால்ரிமோர் போன்ற நகரங்களின் சிதைந்த வாடகை வீடுகளிலே வறியோர், சிறப்பாகக் கறுப்பின மக்கள், குடியிருந்தனர். சுவரிலிருந்து உரிந்து விழும் வர்ணச் செதில்கள் இனிப்பானவை. தவழும் குழந்தைகள் அவற்றை வாயிலிட்டன. வாந்தியும் வயிற்றுவலியும் வலிப்பும் கண்டு தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினர். உடலிலுள்ள ஈயத்தைப் பிணைத்துச் சிறுநீருடன் வெளியேற்றும் மருந்து 1950களில் வழக்குக்கு வந்தது. அதனாற் பல உயிர்கள் பிழைத்தன. ஆயின், பிழைத்த குழந்தை எங்கே திரும்பிச் சென்றது? அதே வீட்டுக்கு; அதே சுவரருகே. எனவேதான் அது மீண்டும் வைத்தியசாலைக்கு வந்தது.

பிழைத்த குழந்தைகளின் பிற்கால நிலை ஆசிரியர்களாகிய நாம் சிந்திக்கத்தக்கது. ஈய நஞ்சிலிருந்து குணமடைந்தோர் எனக் கருதப்பட்ட 20 பிள்ளைகளைப் பொஸ்டன் நகரிலே பயேர்ஸ், லோட் என்னும் இருவர் தொடர்ந்து கவனித்தனர். ஒரு பிள்ளையைத் தவிர ஏனையோர் பள்ளியில் திருப்தியான முன்னேற்றம் அடையவில்லை என 1943இல் அவர்கள் அறிவித்தனர். வைத்தியசாலையின் கணக்கில் குணமடைந்த பிள்ளை, வகுப்பறையின் கணக்கில் ‘மந்தமான’ பிள்ளையாயிற்று.

இதற்குப் பொறுப்பாளர் யார்? ஈயத் தொழிலதிபர்களின் சங்கம் சேரிகளையும், பிள்ளையைக் கவனியாத பெற்றோரையும் குற்றஞ்சாட்டியது. வர்ணத்தை விற்று இலாபம் பெற்றவரும், சுவரைச் செப்பனிடாது வாடகை பெற்றவரும் இக்குற்றப்பட்டியலில் இடம்பெறவில்லை. வறுமையில் வாடுவோரையே அவ்வறுமையின் விளைவுகளுக்குக் காரணராக்குவது வர்க்க சமுதாயத்தின் பழைய தந்திரமன்றோ?

வீடுகளின் உட்புறத்தில் ஈய வர்ணம் பூசுவதை 1951இல் பால்ரிமோர் நகரம் தடைசெய்தது. ஆனால் ஏற்கெனவே பூசப்பட்ட சுவர்கள் அப்படியே நின்றன. 1969இல் நியூயோர்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதியிலே, யங் லோட்ஸ் என்னும் புவேட்டோ றிக்கோ இளைஞர் இயக்கத்தினர் வீடு வீடாகச் சென்று குழந்தைகளைச் சோதித்தனர். நோயாளி வாசலுக்கு வரும்வரை காத்திராது, நோயின் உறைவிடத்தைத் தேடிச் சென்றதே அவர்கள் செய்த மாற்றம். மக்களின் இத்தகைய கிளர்ச்சிகளும் வைத்தியர்களின் சான்றுகளும் அரசை அசைத்தன. ஈய வர்ண நஞ்சைத் தடுப்பதற்கான சட்டம் 1971இல் நிறைவேறியது. வீடுகளுக்கான ஈய வர்ணம் 1978இல் நாடு முழுவதிலும் தடைசெய்யப்பட்டது. கிப்சன் உண்மையைக் கூறி அப்போது 74 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அத்தனை ஆண்டுகளும் ஓர் இல்லம் நஞ்சுடையதா என்பதை அறியும் கருவியாக அவ்வில்லத்துக் குழந்தையின் உடலே பயன்பட்டது. அறிவு இல்லாமையால் நேர்ந்த அவலம் அன்று இது. அறிந்ததைச் செயற்படுத்த அதிகாரமுடையோர் மனங்கொள்ளாமையால் நேர்ந்தது. மீண்டும் மீண்டும் வைத்தியசாலை வாசலுக்கு வரும் குழந்தையிடத்தில், ‘என்ன நோய்?’ என வினவுவது வைத்தியம். ‘எந்த வீட்டிலிருந்து வருகிறது? அவ்வீடு ஏன் அவ்வாறிருக்கிறது?’ எனவும் வினவுவது சமுதாயத்தின் கடமை.