பழைய பிக்கப் டிரக்கின் ஹீட்டர் பெட்டி: மூன்று பக்கமிருந்து வந்த தண்ணீர்

நம்ம ஊர்ல ஹீட்டர்னா குளியலறைச் சுவரில் தொங்குற வெந்நீர்ப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வரும். வண்டிக்குள்ள ஹீட்டரா, வெயில் தெரியாம இருந்தா போதாதான்னு கேட்போம். ஆனால் அமெரிக்காவின் வட மாநிலங்களில், ஜனவரி மாத விடியற்காலையில் ஒரு விவசாயி பிக்கப் டிரக்கைக் கிளப்ப வேண்டுமென்றால், ஹீட்டர் இல்லாமல் முன்கண்ணாடி வழியே சாலையே தெரியாது.

இந்த எபிசோடுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு சின்னப் பொருள். 1947-ல் ஷெவர்லே கொண்டுவந்த 'அட்வான்ஸ் டிசைன்' பிக்கப்பை இன்றைக்கும் பலர் தேடி வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஹீட்டரைக் கழற்றினால், மேல்பக்கம் பெயின்ட் ஓரளவு அப்படியே இருக்கும், அடித்தகடு சல்லடையாகி இருக்கும். யோசிச்சுப் பாருங்க, அது மழையில் நனையுற இடமா? கூரைக்குக் கீழே, காலுக்குப் பக்கத்துல பத்திரமா இருக்கிற பெட்டி. அது ஏன் இப்படித் துருப்பிடிக்குது? இந்தக் கேள்விக்குப் பதில் வரலாற்றில்தான் இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு மூன்று பக்கமிருந்து தண்ணீர் வந்தது.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். கார் ஹீட்டரை 1893-லேயே மார்கரெட் வில்காக்ஸ் என்ற பெண்மணி கண்டுபிடித்தார் என்று இணையத்தில் நிறையப் படிச்சிருப்பீங்க. அவர் 'கார் ஹீட்டர்' என்ற பெயரில் காப்புரிமை வாங்கியது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து அமெரிக்காவில் 'கார்' என்றால் ரயில் பெட்டி. தெருவில் ஓடும் மோட்டார் வண்டிக்கு ஹீட்டர் வந்த கதை வேறு.

1919-ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறையப் பத்தில் ஒன்றுதான் மூடிய கூண்டு உள்ளது. மற்றதெல்லாம் திறந்த வண்டி. பனிக்காலம் வந்தால் பலர் வண்டியைக் கொட்டகையில் ஏற்றி நிறுத்திவிட்டு, வசந்தத்தில்தான் மறுபடி எடுப்பார்கள். 1927-க்குள் நிலைமை தலைகீழ்: பத்தில் எட்டுக்கு மேல் மூடிய வண்டிகள். கூண்டு வந்ததும் ஹீட்டருக்கு அர்த்தம் வந்தது.

முதலில் செய்த வழி எளிமையானது, ஆபத்தானது. சூடான எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி ஒரு தகட்டு உறை போட்டு, அந்தச் சூட்டுக் காற்றை உள்ளே விட்டார்கள். ஃபோர்டு மாடல் ஏ வண்டிகளுக்கு இப்படிப்பட்ட ஹீட்டர்கள் உண்டு. குழாயில் ஒரு விரிசலோ துருவோட்டையோ விழுந்தால், வெப்பத்தோடு கார்பன் மோனாக்சைடும் உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ஓட்டுகிறவருக்கு முதலில் தலைவலி, அப்புறம் தூக்கம், கவனிக்காவிட்டால் சாவு.

அதனால்தான் வெந்நீர் ஹீட்டர் ஜெயித்தது. இன்ஜினைக் குளிரவைத்துச் சூடேறும் தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குக் கீழே கொண்டுவந்து, ஒரு குட்டி ரேடியேட்டர் வழியே ஓடவிட்டு, பின்னாலிருந்து ஃபேன் ஊதும். அந்தக் குட்டி ரேடியேட்டருக்குப் பெயர் ஹீட்டர் கோர்.

இதுதான் முதல் தண்ணீர். பித்தளையும் செம்பும் சேர்த்து ஈயப்பற்று வைத்துச் செய்த கோருக்குள், வார்ப்பிரும்பு இன்ஜினிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். 1927-ல் 'பிரஸ்டோன்' என்ற பெயரில் எத்திலீன் கிளைக்கால் ஆன்டிஃப்ரீஸ் கடைக்கு வந்தது. அதற்கு முன்னால் பலர் ஆல்கஹால் கலந்தார்கள், அது சூட்டில் ஆவியாகிவிடும். கிளைக்கால் ஆவியாகாது. ஆனால் அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்து வருஷம் போகப்போகத் தீர்ந்துபோகும். அப்புறம் அந்தத் தண்ணீர் அமிலமாகி, இன்ஜினுக்குள் இருக்கும் இரும்பை அரிக்கும். அந்தத் துரு மெல்லிய கோர் குழாய்களில் வந்து அடைக்கும், பற்றுவைத்த இடங்கள் கசியும். கசிவது ஒரு சொட்டுதான், ஆனால் அது போய்ச் சேருவது பெட்டியின் அடித்தகட்டில்.

இரண்டாவது தண்ணீர் காற்றோடு வந்தது. ஆரம்பகால வெந்நீர் ஹீட்டர்கள் உள்ளே இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பச் சூடாக்கின. மூச்சுக்காற்றின் ஈரம் வெளியே போக வழியில்லை, கண்ணாடி மூடிக்கொள்ளும். 1938-ல் நாஷ் நிறுவனம் வெளிக்காற்றை உள்ளே இழுத்து, வடிகட்டி, சூடாக்கி அனுப்பும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஷெவர்லே 1947-ல் டிரக்குக்கும் இதே யோசனையைக் கூடுதல் விலையில் தந்து, 'மூச்சுவிடும் கேபின்' என்று விளம்பரம் செய்தது.

மூச்சு விடணும்னா மூக்கு வேணும் இல்லையா? உடம்பில் ஒரு ஓட்டை போட்டாக வேண்டும். அந்த ஓட்டை வழியே காற்று மட்டுமா வரும்? மழைச்சாரல், தூசி, காய்ந்த இலை எல்லாம் வரும். 1967-72 ஷெவர்லே பிக்கப்புகளில் முன்கண்ணாடிக்குக் கீழேயே கிரில் போட்ட காற்றுவழி. மரத்தடியில் நிறுத்தினால் இலை உள்ளே விழுந்து மக்கி, ஈரத்துணி மாதிரி தகட்டோடு ஒட்டிக்கிடக்கும். வடிகால் அடைத்துக்கொள்ளும். கண்ணாடியைத் தெளிவாக்கிய அதே யோசனைதான் துருவுக்கும் கதவைத் திறந்தது.

மூன்றாவது தண்ணீர் சாலையிலிருந்து வந்தது. எனக்கு இதுதான் ரொம்ப வியப்பு. டெட்ராய்ட், அதாவது இந்த வண்டிகளின் தலைநகரம், ஒரு உப்புப் படுகையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஊருக்கு அடியில் 1,100 அடிக்கும் கீழே உப்புச் சுரங்கம். அந்த உப்பு முதலில் தோல் பதனிடவும் உணவுத் தொழிலுக்கும் போனது. பிறகு சாலைப் பனியைக் கரைக்க உப்புத் தூவ ஆரம்பித்தார்கள். 1941-42 பனிக்காலத்தில் நாடு முழுக்கத் தூவியது சுமார் 5,000 டன். 1955-ல் அது சுமார் 10 லட்சம் டன். அதற்கப்புறம் பதினைந்து வருஷத்துக்குள் ஏறக்குறைய 1 கோடி டன்.

உப்பு பனியைக் கரைத்து, சாலையைக் குளிரிலும் ஈரமாகவே வைத்திருக்கும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் இரும்பு வேகமாக அரிக்கும். சக்கரம் வாரியடித்தது ஃபெண்டருக்குள், ஃபயர்வால் மடிப்புகளில் தங்கியது. பூட்ஸில் ஒட்டிய உப்புப்பனி ஹீட்டர் சூட்டில் உருகித் தரைத்தகட்டில் தேங்கியது. சாலையில் உப்பு இருந்ததால் குளிர்காலத்திலும் வண்டி ஓடியது. வண்டி ஓடியதால் ஹீட்டர் தேவைப்பட்டது. அந்த உப்பே வண்டியைத் தின்றது. 1968 முதல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிப் பாதுகாப்பு விதிகளில் 103ஆம் விதி, கண்ணாடிப் பனியைப் போக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. ஒரு காலத்தில் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய வசதி, சட்டமாகிப்போச்சு.

சரி, இன்றைக்கு அந்தப் பெட்டியைக் கையில் வைத்திருப்பவர் என்ன செய்யணும்? முதலில் எந்தத் தண்ணீர் அதைக் கெடுத்தது என்று பார்க்கணும். மழைக்குப் பிறகு தரைவிரிப்பு நனைந்து, தண்ணீர் தெளிவாக இருந்தால் அது மேலே காற்றுவழியில் வந்த ஓட்டை. பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு, கண்ணாடியில் எண்ணெய்ப்படலம் மாதிரி படிந்தால் அது கோர் கசிவு. அந்தக் கிளைக்கால் விஷம், நாயும் குழந்தையும் நாக்கு வைக்காமல் பார்த்துக்கணும்.

பித்தளைக் கோரில் ஒரு பற்று விட்டிருந்தால், ரேடியேட்டர் கடைக்காரர் மறுபடி பற்றுவைத்து, காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் முக்கிச் சோதித்துத் தருவார். குழாய்களே மெலிந்துவிட்டால் புதிது போடுவதே சரி. தகட்டுப் பெட்டியில் துருவின் மேல் பெயின்ட் அடித்தால் ஒரு பனிக்காலம்கூடத் தாங்காது. நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, உள்பக்கமும் பிரைமர் அடிக்கணும். காற்றுவழியைச் சுத்தம் பண்ணி வடிகாலைத் திறக்காமல் புதுப் பெட்டியை மாட்டினால், அதுவும் அதே மாதிரி ஓட்டையாகும்.

ஃபயர்வாலிலும் தரையிலும் இருக்கும் துருவோட்டையை மட்டும் அழகுப் பிரச்சினைன்னு விட்டுடாதீங்க. எக்ஸாஸ்ட் கசிந்தால் புகை உள்ளே வர அதுவும் வழிதான். மாடல் ஏ காலத்து ஆபத்து, வேறு வாசல் வழியாகத் திரும்பி வரும்.

பெட்டியை மாற்றித்தான் ஆகணும்னா மாத்துங்க. பழையதைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி எங்கே அரித்திருக்கு, எந்த மூலையில் ஆரம்பிச்சிருக்குன்னு நாலு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. அந்த வண்டி எந்த ஊரில், எப்படிப்பட்ட குளிர்காலங்களில் ஓடியது என்பதற்கு வேறு சாட்சி பெரும்பாலும் கிடைக்காது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.