பெங்கால் பூனை: காட்டுத் தோலும் வீட்டுக் குணமும்

பெங்கால் பூனை என்னும் பெயர் அதை வங்காளத்தில் பிறந்த இனமாக எண்ணவைத்தாலும், அது உருவானது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில்தான். பெயர் அதன் காட்டு மூதாதையிடமிருந்து வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை உட்பட ஆசியாவின் பல காடுகளில் வாழும் சிறுத்தைப்பூனைக்கு, 1792இல் ராபர்ட் கெர் வங்காளத்தை ஒட்டி ‘பெங்காலென்சிஸ்’ என்ற அறிவியல் பெயரைச் சூட்டினார்.

சிறுத்தைப்பூனை மனிதரை அண்டி வாழ்ந்த காலம் மிகப் பழையது. சீனாவின் சுவான்ஹூசுன் அகழாய்வில் கிடைத்த, ஏறத்தாழ 5,300 ஆண்டு பழமையான பூனை எலும்புகள் இவ்வினத்தைச் சேர்ந்தவை என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. தானியத்தை நாடிய எலிகளைத் தேடி ஊருக்குள் வந்த அப்பூனை, பின்னர் காட்டோடு நின்றுவிட, மேற்காசியாவிலிருந்து பரவிய இன்றைய வீட்டுப்பூனையே மனிதரோடு நிலைத்தது.

இவ்விரு கிளைகளையும் இணைக்கும் முயற்சியை 1963இல் ஜீன் மில் தொடங்கினார். அவர் வளர்த்த பெண் சிறுத்தைப்பூனைக்கும் கரிய வீட்டுப்பூனைக்கும் ஒரு குட்டி பிறந்தது. இடையில் நின்றுபோன அம்முயற்சிக்கு, 1980இல் வில்லார்ட் சென்டர்வால் என்ற மருத்துவர், பூனைகளைத் தாக்கும் இரத்தப்புற்று பற்றிய ஆய்வுக்காகத் தாம் உருவாக்கிய கலப்பினப் பெண் பூனைகளைத் தந்து உயிரூட்டினார். 1982இல் டெல்லி விலங்குக்காட்சிச் சாலையின் காண்டாமிருகக் கொட்டடியருகே திரிந்த, புள்ளிகளுடைய ஒரு தெருப்பூனையை மில் கண்டெடுத்தார். வெளிச்சம் படும்போது மயிரிழைகள் பொன்துகள் தூவியதுபோல் மின்னும் தன்மை அதன் வழியாகவே இவ்வினத்தில் பரவியது எனப்படுகிறது.

வேற்றினக் கலப்பில் பிறக்கும் ஆண் பூனைகள் முதல் மூன்று தலைமுறைகளில் பெரும்பாலும் மலடாக இருப்பதால், பெண் பூனைகளை வீட்டுப்பூனைகளோடு சேர்த்தே இனம் வளர்க்கப்பட்டது. நான்காம் தலைமுறை முதலே அது வீட்டு விலங்காகக் கொள்ளப்படுகிறது. டிகா எனப்படும் பன்னாட்டுப் பூனைக் கழகம் 1986இல் இவ்வினத்தைப் புதிய இனமாக ஏற்று, 1991இல் முழுத் தகுதிப் போட்டிகளில் அனுமதித்தது. புலித்தோல், சிறுத்தைத்தோல் ஆகியவற்றின் மீதுள்ள ஆசையை ஒரு வீட்டுப்பூனையின் அழகு தணிக்கும் என்பது மில்லின் நம்பிக்கையாக இருந்தது.

மனிதர் விரும்பியது காட்டின் தோலை மட்டுமே என்றாலும், தோலோடு சில பழக்கங்களும் வீட்டுக்குள் வந்தன. திறந்த குழாயின் நீர்த்தாரையைக் காலால் தட்டித் தட்டி விளையாடுவதும், அலமாரியின் உச்சியில் ஏறி அமர்ந்து அறையைக் கண்காணிப்பதும், நாளெல்லாம் ஓடியாட இடமும் துணையும் தேடுவதும் இப்பூனையின் இயல்புகள். அவற்றுக்கு இடங்கொடாமல் புள்ளிகளின் அழகுக்காக மட்டும் அதை வாங்குவது நியாயமாகாது. அதன் மூதாதையோ இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. அதன் இடம் காடு மட்டுமே. பெங்கால் பூனையைப் போற்றுவோர் அக்காட்டையும் காக்கக் கடமைப்பட்டவர்கள்.