டாரிஃப்

இறக்குமதி வரி என்ற பொருளில் இன்று பெரிதும் வழங்கும் 'டாரிஃப்', அறிவித்தலைக் குறிக்கும் அரபுச் சொல்லில் வேர்கொண்டு, இத்தாலி வழியாக ஐரோப்பாவில் பரவியபோது வரிப் பட்டியலையே சுட்டியது. ஜொகூரின் பாசிர் கூடாங் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் நிறுவனத்துக்கு வேண்டுவதும் அந்தப் பழைய பொருளே; ஏனெனில் உலகச் சுங்க அமைப்பின் திருத்திய சரக்கு வகைப்பாடு 2028 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும்போது, வரிவிகிதம் அப்படியே இருந்தும் பொருளின் குறியீட்டு எண் மாறிவிடக்கூடும். கச்சாப் பாமாயில் 1511.10 என்றும் சுத்திகரித்தது 1511.90 என்றும் பிரிந்து நிற்கும் பட்டியலில் ஓர் எண் தவறினால் விலைச்சீட்டு, தோற்றச் சான்றிதழ், உரிமம் எல்லாம் சிக்கலுக்குள்ளாகும் என்பதால், பழைய எண்களைப் புதியவற்றோடு முன்கூட்டியே ஒப்பிட்டு வைப்பது இன்றியமையாதது. தமிழிலோ குறள் சொல்லும் 'உல்கு', முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயரை ஈட்டித்தந்த 'சுங்கம்', பிற்காலத் 'தீர்வை' ஆகிய மூன்றும் செலுத்தும் தொகையையே குறிப்பதால், 'தீர்வை அட்டவணை' என்பதே சரியான இணை. அட்டவணையை விடுத்துத் தீர்வை என்று மட்டும் எழுதுவது, மாறப்போவது எது என்பதையே மறைத்துவிடுகிறது.